பதினோராம் இலக்கத்து முன்வாசல்

பீலிச் சந்தில் பதினோராம் இலக்க வீட்டின் கதவைத் தட்டப் போய், தட்டுவதற்குக் கதவே இல்லாமல் நான் விழித்துக்கொண்டு நின்றது தொண்ணூற்றேழாம் ஆண்டு ஓகஸ்ட் மாதம்.

கண்டி நகரத்துப் பழைய சந்துகளை, அங்கே குடியிருக்கிற சனங்களையே கூட்டி வைத்துப் பேசி, அவர்கள் கையாலேயே சீர்படுத்துவது என்று ஒரு திட்டம் வந்திருந்தது. அதில் வீடு வீடாகப் போய்ப் படிவம் நிரப்புகிற வேலை எனக்கு. தெல்தோட்டைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போன முதல் ஆள் நான்தான். அந்த நினைப்பு நடையிலேயே தெரிகிறது என்பார்கள். தெரிந்தால் தெரியட்டும் என்றுதான் கையில் கோவையோடு அந்த இரண்டு கருங்கல் படிகளிலும் ஏறினேன். ஏறிப் பார்த்தால் கதவு நிலை இருக்கிறது. நிலைக்குள்ளே மேலிருந்து கீழ்வரை செங்கல். பூசாத செங்கல். பாதிக்கு மேல் கரி படிந்தது. படிக்குக் கீழே மீன் செதில், வாழை மட்டை, ஊர்க் குப்பையெல்லாம்.

"தம்பி, செவுத்தத் தட்டினா யாரு தெறக்கப் போற? செங்கல்லா?"

பன்னிரண்டாம் இலக்கத்து ஜன்னலில் ஒரு முக்காட்டுத் தலை. அதுதான் சித்தி றலியா. தச்சுப் பட்டறை வைத்திருக்கும் சாஹுல் ஹமீதுவின் மனைவி.

"பொறத்தால வாங்க. கான் ஓரமாப் பாத்து வாங்க, வழுக்கும். ஆரு கேட்டாலும் றலியா அனுப்பின எண்டு செல்லுங்க. இல்லாட்டி அவ வாயத் தெறக்க மாட்டா."

வீடுகளுக்குப் பின்னால் ஒரு ஆள் பக்கவாட்டாக நடக்கக்கூடிய ஒழுங்கை. ஒரு பக்கம் மதில், ஒரு பக்கம் கழிவுநீர் ஓடுகிற கான். நடுவில் முழங்கை போல ஒரு மடக்கு. அந்த மடக்கைத் தாண்டினால் பதினோராம் இலக்கத்தின் குசினிக் கதவு. அங்கே, பட்டப்பகலில் எரிகிற ஒரு பல்புக்குக் கீழே, தையல் இயந்திரத்தின் முன் இருந்தவர்தான் பியட்றிஸம்மா. அறுபதுக்கு ஒரு வயது குறைவு. நூல் கோக்க ஊசியை மூக்கு நுனிவரை கொண்டுபோய்க்கொண்டிருந்தார்.

நான் பெயர் கேட்டேன். அவர் பதிலுக்கு என்னைக் கேட்டார்.

"யாரு பேரு கேட்டு வரச் சொன்னா?"

திட்டம், மாநகரசபை, பல்கலைக்கழகம் எல்லாவற்றையும் சொன்னேன். தெல்தோட்டை என்றதும் முகம் கொஞ்சம் இளகியது. அவர் ஹுன்னஸ்கிரியப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். தேத்தண்ணி வந்தது. குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்துவிட்டுச் சொன்னார்:

"எழுதுறதுன்னா எழுதிக்கங்க தம்பி. பென்சில்ல எழுதுங்க."

பென்சிலில்தான் எழுதினேன். கந்தோரில் பென்சில் படிவம் செல்லாது என்றார்கள். அதன்மேல் பேனாவால் எழுதினேன். அதனால் வந்தது பின்னால் வருகிறது. அதற்கு முன்னும் பின்னும் நடந்தவற்றை இந்த நான்கு வருடங்களில் அவர் வாயாலும் றலியாவின் வாயாலும் துண்டு துண்டாகக் கேட்டேன். கேட்டதை இங்கே கோத்து வைக்கிறேன்.

அறுபதாம் ஆண்டு, இருபத்திரண்டு வயதில் கல்யாணமாகி வந்தபோது பியட்றிஸம்மா அந்த இரண்டு கருங்கல் படிகளில் ஏறித்தான் வீட்டுக்குள் வந்தார். மாப்பிள்ளை மத்தியாஸ் பெரிய தெருவில் வரதராசா முதலாளியின் இரும்புக் கடையில் விற்பனைக்கு நின்றவர். தோட்டத்து லயத்தில் ஒற்றை அறைக் காம்பிராவிலிருந்து வந்தவளுக்குத் தெருவைப் பார்த்த வாசல் ஒன்று கிடைத்தது பெரிய விஷயம். வந்த மூன்றாம் மாதமே தையல் இயந்திரத்தை இழுத்துக்கொண்டு போய் அந்த வாசலிலேயே போட்டுவிட்டார். வெளிச்சத்துக்கு வெளிச்சம், வேடிக்கைக்கு வேடிக்கை.

வாசலுக்கு இடப்பக்கம்தான் பீலி. யாரோ எந்தக் காலத்திலோ மலை ஊற்றைக் கல்லுக்குள்ளால் இழுத்து வந்து விட்ட தண்ணி. சந்துக்குப் பெயரே அதனால் வந்தது. குடம் பிடிக்க வருகிறவர்களும், உடுப்புத் தோய்க்க வருகிறவர்களும், பள்ளிவாசலுக்குப் போகுமுன் கால் கழுவுகிறவர்களும் எல்லாரும் பதினோராம் இலக்கத்தைப் பார்த்து ஒரு வார்த்தை போட்டுவிட்டுத்தான் போவார்கள். காலடிச் சத்தத்திலேயே ஆள் யாரென்று பியட்றிஸம்மா சொல்வார். காலையில் திறந்த கதவை அந்திச் செபமாலை நேரத்தில்தான் சாத்துவார். இருபத்து மூன்று வருடம் அப்படிப் போனது.

எண்பத்து மூன்று ஜூலையில் சந்து முனையிலிருந்து ஆட்கள் வந்தார்கள். முன்னால் வந்தவன் கையில் ஒரு தாள். அவன் இலக்கம் வாசிக்க, மற்றவர்கள் வீட்டைத் தேடினார்கள். "எகொளஹ," என்று சிங்களத்தில் பதினொன்றை அவன் வாசித்தது பியட்றிஸம்மாவின் காதில் விழுந்தபோது, அவரும் மத்தியாஸும் மகள் மார்கிரட்டும் பின்மதிலில் ஏறிக்கொண்டிருந்தார்கள். மதிலுக்கு அந்தப் பக்கம் சாஹுல் ஹமீது கையை நீட்டிக்கொண்டு நின்றார். மூன்று நாள் அவருடைய பட்டறையில் பலகை அடுக்குக்குப் பின்னால் இருந்தார்கள். நான்காம் நாள் அகதி முகாம்.

"அவன் கையில இருந்தது பேருப் பட்டியல் தம்பி," என்று பியட்றிஸம்மா எனக்குச் சொன்னார். "கத்தி, பொல்லு வச்சிருந்தவனெல்லாம் பின்னாலதான் வந்தான். முன்னால வந்தவன்கிட்ட வெறும் தாளுதான்."

திரும்பி வந்தபோது முன்கதவு இல்லை. தையல் இயந்திரம் பீலிக் கல்லின் மேல் கிடந்தது. அதன் சக்கரம் இன்றைக்கும் ஒரு சுற்றுக்கு ஒரு தரம் 'டக்' என்கிறது. இரும்புக் கடை எரிந்து போயிருந்தது; முதலாளி யாழ்ப்பாணத்துக்குப் போய்விட்டார். மத்தியாஸ் எரிந்த கடையின் இடிபாட்டிலிருந்து செங்கல்லைப் பொறுக்கி, உரைப்பையில் கட்டி, தினமும் தோளில் சுமந்து வந்தார். வாசல் முழுவதும் வைத்துக் கட்டினார்.

"எத்தன நாளைக்குங்க?" என்று மனைவி கேட்டார்.

"கொஞ்ச நாளைக்குத்தான். ஊரு அடங்கட்டும்."

ஊர் எங்கே அடங்கியது? வடக்கில் சண்டை என்றால் கண்டியில் சோதனை. கொழும்பில் குண்டு என்றால் பொலிசில் பதிவு. வீட்டுக்கு விருந்தாள் வந்தால்கூடப் பெயரை எழுதிக் கொடுக்க வேண்டும். கொஞ்ச நாள் பதினான்கு வருடமானது. பியட்றிஸம்மா பல்பு வெளிச்சத்தில் பள்ளிக்கூடச் சட்டை தைத்தார். தெரிந்தவர்கள் மட்டும் ஒழுங்கையால் வந்து வாங்கிப் போனார்கள். குப்பை வண்டி வராத நாட்களில் சந்தே தன் குப்பையை மூடிய வாசலில் கொண்டுவந்து கொட்டியது. குப்பை இறங்கிப் பீலியின் வாய் அடைத்தது. தண்ணீர் நின்றதும் ஆட்கள் வருவது நின்றது. ஆட்கள் வராத இடத்தில் வேறு ஆட்கள் சீட்டாட வந்தார்கள். ஒரு வாசலை மூடியதில் ஒரு சந்தே செத்துப் போனதை உள்ளே இருந்தவர் அறியவில்லை. அவருக்குச் சுவரின் இந்தப் பக்கம்தானே தெரியும்.

தொண்ணூறில் மத்தியாஸ் நெஞ்சு வலியில் போனார். பெட்டி வந்தது. வந்த பிறகுதான் தெரிந்தது, ஒழுங்கையின் மடக்கில் பெட்டி திரும்பாது. நிமிர்த்திப் பார்த்தார்கள், சரித்துப் பார்த்தார்கள். பாதர் கடிகாரத்தைப் பார்த்தார். கடைசியில் பிரேதத்தைப் போர்வையில் சுற்றி மதிலுக்கு மேலால் கொடுத்து, சித்தி றலியாவின் குசினி வழியாக, அவர்கள் தொழுகைப் பாயைச் சுருட்டி வைத்த முன்னறையில் பெட்டிக்குள் கிடத்தி, பன்னிரண்டாம் இலக்கத்து வாசலால் தெருவுக்குக் கொண்டு போனார்கள். றலியா அன்று குசினி அடுப்பை அணைத்துவிட்டு ஒதுங்கி நின்றார்.

எண்பத்து மூன்றைக்கூடப் பியட்றிஸம்மா சாதாரணமாகச் சொல்லிவிடுவார். இதைச் சொல்லும்போது சீலைத் தலைப்பைத் தேடுவார்.

"அவரு கட்டுன செவரு அவரையே விடல. நானும் இப்பிடித்தான் போகணுமா? மதிலுக்கு மேல, மூட்ட மாதிரி?"

மகளைக் கட்டிக்கொடுத்த இடம் அம்பிட்டிய. "இங்க வந்திருங்கம்மா," என்று மார்கிரட் வருடத்துக்கு நாலு தரம் கூப்பிடுவாள். போய் இரண்டு நாள் இருப்பார். மூன்றாம் நாள், இயந்திரம் துருப்பிடிக்கும் என்று சொல்லிக்கொண்டு திரும்பிவிடுவார். அந்த வீட்டுக்குள் இருக்கவும் முடியாது, அதை விட்டு இருக்கவும் முடியாது.

அப்படி இருந்தவரைத்தான் ஒக்டோபரில் சித்தி றலியா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சந்துக் கூட்டத்துக்கு வந்தார். கூட்டம் ஏழாம் இலக்கத்து விமலசேன மாத்தயாவின் முற்றத்தில். தபால் கந்தோரில் முப்பது வருடம் கடிதம் பிரித்த சிங்களவர் அவர்; மாத்தயா என்றால் ஐயா. மூன்று மொழியும் எழுதுவார், முகவரி எழுதுகிற அளவுக்கு. சந்துச் சங்கத்துக்கு அவர்தான் தலைவர்.

திட்டத்தில் ஒரு முறை உண்டு. பெரிய தாளில் சந்தை வரைந்து வைத்து, ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்த இடத்தில் பச்சைப் புள்ளியும், பயமான இடத்தில் சிவப்புப் புள்ளியும் ஒட்ட வேண்டும். கந்தோரில் புள்ளித் தாள் முடிந்துவிட்டதால் கடையில் ஒட்டுப் பொட்டு வாங்கி வந்திருந்தோம். பியட்றிஸம்மாவின் உள்ளங்கையில் றலியா ஒரு சிவப்புப் பொட்டை வைத்தார். எண்பத்து மூன்று ஜூலையில் நெற்றியில் இருந்ததை அழித்த பிறகு அவர் கை பொட்டைத் தொட்டது அன்றுதான்.

தாளைக் குனிந்து பார்த்தார். பதினோராம் இலக்கத்து வாசல் முழுக்கச் சிவப்பு. அம்மை போட்ட மாதிரி.

"இது எங்க வீடு," என்றார், யாரிடமென்றில்லாமல்.

"பேய் வாசல்," என்று பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்று சிங்களத்தில் சொல்ல, தாய் அதன் வாயைப் பொத்தினாள். விமலசேன மாத்தயா கனைத்துக்கொண்டு தமிழில் தொடங்கினார்.

"கோவிக்க வேணாம் நோனா. உங்கள இல்ல, அந்த எடம்தான். இருட்டு, நாத்தம், கண்ட கண்ட ஆள் இருக்கிறது. பிள்ளைகள் அதால போகப் பயம் தானே."

பதினான்கு வருடம் பியட்றிஸம்மா இந்தச் சந்துக்குப் பயந்து சுவருக்குப் பின்னால் இருந்திருக்கிறார். சந்து அத்தனை வருடமும் அந்தச் சுவருக்குப் பயந்து விலகி நடந்திருக்கிறது. கையிலிருந்த பொட்டைச் சந்து முனையில், தாள்காரன் வந்த இடத்தில், ஒட்டினார். அந்த இடத்தில் அது ஒன்றே ஒன்றுதான்.

வீட்டுக்கு வரும் வழியில் மடக்கில் நின்று றலியாவிடம் சொன்னார்: "தாத்தா, ஹமீது நானாகிட்ட ஒரு கதவுக்குச் சொல்லுங்க." முஸ்லிம் வீடுகளில் அண்ணனை நானா என்றும் அக்காவைத் தாத்தா என்றும் அழைக்கிற முறை. றலியாவை அவர் அப்படித்தான் அழைப்பார்.

"பேய் எண்டு சென்னதுக்கா புள்ள?"

"இல்ல. பொட்டி போறதுக்கு."

"அல்லாஹ்வே! கதவு போடக்குள்ள சாவப் பத்திப் பேசுறா பாருங்க. உசிரோட போய் வா முதல்ல."

அடுத்த மூன்று மாதமும் பீலிச் சந்தைப் பார்த்தவர்கள் பாக்கியசாலிகள். தொண்ணூற்றெட்டு பெப்ரவரியில் சுதந்திரத்தின் ஐம்பதாம் ஆண்டு விழா கண்டியில் என்று அறிவித்திருந்தார்கள். ஊருக்கே சுண்ணாம்பு பூசினார்கள். அந்த அவசரத்தில் எங்கள் சந்துக்கும் வண்ணமும் சீமெந்தும் தட்டுத் தடையில்லாமல் கிடைத்தன. சிரமதானம் வைத்துக் குப்பையை அள்ளினார்கள். பீலியின் வாயில் கம்பியை விட்டுக் குடைந்தபோது முதலில் சேறு வந்தது, பிறகு ஒரு ரப்பர்ச் செருப்பு வந்தது, அதற்குப் பின்னால் தண்ணீர் வந்தது. ஞாயிறு பின்னேரங்களில் பீலி முற்றத்தில் அவரவர் செய்ததைக் கொண்டுவந்து விற்பது என்று முடிவு. இடியப்பம், தேங்காய்த்தும்பு விளக்குமாறு, பியட்றிஸம்மாவின் தையல். முதல் சந்தை ஜனவரி கடைசி ஞாயிறு.

ஜனவரி இருபத்திரண்டாம் திகதி வியாழக்கிழமை மத்தியாஸின் சுவரை உடைத்தார்கள். முதல் கல்லை அலவாங்கால் நெம்பியது பியட்றிஸம்மாதான். வெளிச்சம் ஒரு முழத்துக்கு உள்ளே விழுந்தது, பிறகு இரண்டு முழம். நூலாம்படையும் பதினான்கு வருடத் தூசியும் காற்றில் எழும்பி மின்னின. இயந்திரத்தை வாசலுக்கு இழுத்துக் கொடுத்தார்கள். ஊசியில் நூல் முதல் தரத்திலேயே ஏறியது.

இறக்கிய செங்கல்லை வீணாக்குவானேன் என்று விமலசேன மாத்தயா பீலியைச் சுற்றி அரைவட்டமாக ஒரு இருக்கை கட்டினார். கரிக் கல்லும் சிவப்புக் கல்லுமாக அதுவும் ஒரு அழகாகத்தான் இருந்தது. புதுக் கதவு ஹமீது நானாவின் பட்டறையில் மெருகு காய்ந்துகொண்டிருந்தது. திங்கட்கிழமை நிலையில் பொருத்திப் பூட்டுவதாகச் சொன்னார். அதுவரைக்கும் நிலையில் ஒரு தார்ப்பாய்.

வெள்ளிக்கிழமை மாத்தயா தன் கையாலேயே ஒரு பலகை எழுதிப் பீலிக்கு மேலே மாட்டினார். சந்தின் வரைபடம். ஒவ்வொரு வீடும் ஒரு சின்னப் பெட்டி. பெட்டிக்குள் வீட்டுக்காரர் பெயரும் தொழிலும், மூன்று மொழியில். பெயரெல்லாம் நான் பேனாவால் எழுதின படிவத்திலிருந்து எடுத்தவை. சந்து தன்னைத்தானே தெரிந்துகொள்ள வேண்டும் என்று கந்தோரில் சொன்னார்கள், நானும் தலையாட்டினேன். பத்தொன்பது வீடு. அதில் தமிழர் வீடு இரண்டுதான். நாலாம் இலக்கத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியை பத்மாதேவி, பதினொன்றில் பியட்றிஸம்மா.

பியட்றிஸம்மா பலகையைப் பார்த்தார். தமிழ் எழுத்து கொஞ்சம் கோணலாக இருந்தாலும் தெளிவாக இருந்தது. மாத்தயா வாயெல்லாம் பல்லாக நின்றதால் ஒன்றும் சொல்லவில்லை. அது தப்பு என்று பின்னால் என்னிடம் சொன்னார். "அந்தத் தாளு ஞாபகம் வந்துச்சு தம்பி. நல்ல நாளும் அதுவுமா எதுக்குன்னு வாய மூடிக்கிட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை விடிய ஆறு மணிக்குக் கொஞ்சம் பிந்தி, பூசைக்குப் போகச் சீலை உடுத்திக்கொண்டு நின்றபோது, பூமி ஒரு தரம் குலுங்கியது. தார்ப்பாய் உள்ளே பறந்து வந்து அவர் முகத்தில் அடித்தது. எங்கேயோ கண்ணாடிகள் கொட்டின. பிறகு நாய்கள். பிறகு ஒன்றுமில்லாத ஒரு நேரம். அதற்குப் பிறகு தெருவால் ஓடிய யாரோ கத்திக்கொண்டு போனார்கள்: மாளிகாவையில் குண்டு.

தலதா மாளிகை. புத்தரின் பல் இருக்கிற கோயில். அந்த ஒரு சொல்லில் கண்டி முழுக்கத் தமிழரைப் பற்றி என்ன நினைக்கும் என்று கண்டியில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். பியட்றிஸம்மா முன்னறையில் நின்றார். எதிரே கதவில்லாத வாசல். வாசலுக்கு வெளியே, பீலிக்கு மேலே, அவருடைய பெயர் மூன்று மொழியில்.

அம்பிட்டியவுக்குப் போகலாமென்றால் பாதை முழுக்க ஆமி. மதிலேறலாமென்றால் வயது அறுபது. பத்து மணிக்குள் நகரத்தில் எங்கேயோ கடை எரிகிறது என்று ஒருவர் சொன்னார், ஊரடங்கு என்று இன்னொருவர், இல்லை என்று மற்றொருவர். எல்லா வீடுகளும் கதவைச் சாத்தின. சாத்தக் கதவில்லாதது ஒரே ஒரு வீடுதான்.

அவர் அலவாங்கை எடுத்துக்கொண்டு வெளியே வந்து இருக்கையை உடைக்கத் தொடங்கினார்.

சத்தம் கேட்டு விமலசேன மாத்தயா சாரத்தை மடித்துக்கொண்டு ஓடி வந்தார். "ஐயோ நோனா! என்ன இது? நேத்துத்தான் சீமெந்து காஞ்சது!"

"என் கல்லக் குடுங்க மாத்தயா."

"எல்லாரும் சேந்து கட்டினதுதானே?"

"எங்க வீட்டுக்காரரு தோள்ல சொமந்த கல்லு. ஒங்க இருக்கையும் வேணாம், ஒங்க சந்தையும் வேணாம். என் கல்லக் குடுங்க."

"மூடினா இன்னும் சந்தேகப்படும் நோனா. பேசாம உள்ளுக்கு இருங்க, நாங்க இருக்கிறது தானே."

"எம்பத்து மூணுலயும் இருந்தீங்கதானே."

மாத்தயாவின் கை சாரத்து மடிப்பிலேயே நின்றது. எண்பத்து மூன்றில் அவரும் கதவைச் சாத்திக்கொண்டுதான் இருந்தார். சந்தில் எல்லாருக்கும் தெரிந்ததை இதுவரை யாரும் சொன்னதில்லை. பியட்றிஸம்மாவும் அதை யோசித்துச் சொல்லவில்லை. அலவாங்கு இறங்கிய வேகத்தில் வாயிலிருந்து வந்துவிட்டது.

பன்னிரண்டாம் இலக்கத்துக் கதவு திறந்தது. சித்தி றலியா வந்து அலவாங்கின் மறுபக்கத்தைப் பிடித்தார். "தனிய நெம்பினா முதுகு போயிடும். தள்ளு. நானும் வாறன்."

இரண்டு பெண்களும் கல்லைப் பெயர்த்தார்கள். சீமெந்து பிடித்துக்கொண்டதால் மூன்றுக்கு ஒன்றுதான் முழுசாக வந்தது, மற்றதெல்லாம் நொறுங்கியது. ஹமீது நானா கான் ஓரத்துக் களிமண்ணைக் குழைத்துக் கொடுக்க, பியட்றிஸம்மா வாசலுக்கு உள்ளே நின்றுகொண்டு அடுக்கத் தொடங்கினார். முழங்கால் உயரம். இடுப்பு உயரம்.

மாத்தயா வீட்டுக்குப் போய் விழாவுக்கு வாங்கின வெள்ளைச் சுண்ணாம்பு வாளியும் தூரிகையும் கொண்டு வந்தார். ஸ்டூலில் ஏறிப் பலகையில் நாலாம் இலக்கத்துப் பெயரையும் பதினோராம் இலக்கத்துப் பெயரையும் பூசி அழித்தார். இறங்கி, "இப்ப சரிதானே?" என்று கேட்டார்.

றலியா கையைச் சீலையில் துடைத்துக்கொண்டு பலகையைப் பார்த்தார். பத்தொன்பது பெட்டியில் பதினேழில் எழுத்து. இரண்டில் மட்டும் பளிச்சென்று வெள்ளை.

"ஓ, இப்ப நல்லாத்தான் ஈக்கி. வாசிக்கத் தெரியாதவனுக்கும் எந்த வீடு எண்டு தெரியும்."

மாத்தயா ஏறிட்டுப் பார்த்தார். முகம் செத்துப் போனது. மறுபடி ஸ்டூலில் ஏறினார். ஒன்றாம் இலக்கத்திலிருந்து தொடங்கினார். ஒரு கிழமை இருந்து எழுதிய எழுத்தெல்லாம் ஒவ்வொரு பெட்டியாகப் போனது. ஏழாம் இலக்கத்துக்கு, தன் பெயருக்கு, வந்தபோது அதையும் நிறுத்தாமல் பூசினார். கடைசியில் சந்தின் கோடுகளும் போய் வெறும் வெள்ளைப் பலகை ஆனது.

பின்னேரம் மூன்று மணி போல சந்து முனையில் பத்துப் பன்னிரண்டு ஆட்கள் வந்து நின்றார்கள். யாரென்று இன்றுவரை தெரியாது. ஒருவன் கையில் இரும்புக் குழாய் இருந்தது. வேலைக்குப் போகிறவனாகவும் இருக்கலாம். பியட்றிஸம்மா சுவருக்குப் பின்னால் குந்திவிட்டார். சுவர் நெஞ்சு உயரம்தான் வந்திருந்தது. கல் முடிந்துவிட்டது. கையில் ஒரு அரைக்கல் மிஞ்சியிருந்தது. அதை வைக்காமல் பிடித்துக்கொண்டிருந்தார். மேலே வாசலின் மீதிப் பாதி வெறும் ஆகாயம்.

அவர்கள் நடந்து வரும் சத்தம் கேட்டது. பதினான்கு வருடத்துக்குப் பிறகு காலடிச் சத்தத்தை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கப் பார்த்தார். ஒன்றும் பழக்கமில்லை. பீலிக்கு முன்னால் நின்றார்கள்.

"இதென்ன பலகை?" என்று ஒருவன் சிங்களத்தில் கேட்டான்.

"வெள்ளையடிக்கிறோம். விழாவுக்கு," என்றது மாத்தயாவின் குரல்.

"இனி எங்கே விழா?"

தூரிகை மறுபடியும் பலகையில் ஓடுகிற சத்தம் கேட்டது. ஏற்கெனவே வெள்ளையான பலகையை மாத்தயா இன்னொரு தரம் பூசிக்கொண்டிருந்தார். யாரோ பீலியில் தண்ணீர் குடித்தார்கள். யாரோ காறித் துப்பினார்கள். "இந்தச் சந்தில் தெமள ஆட்கள் உண்டா?" என்று தமிழரைப் பற்றிக் கேட்டது வேறொரு குரல். றலியாவின் வீட்டு ஜன்னல் படக்கென்று மூடிக்கொண்டது.

"முப்பது வருசம் தபால் கந்தோரில் இருந்தவன் நான்," என்றார் மாத்தயா. "இந்தச் சந்தில் யார் இருக்கிறது என்று என்னிடம் கேட்டு யாரும் இதுவரை பதில் வாங்கினதில்லை."

அதில் அவர்களுக்கு என்ன விளங்கியதோ தெரியாது. கொஞ்ச நேரம் நின்றார்கள். போய்விட்டார்கள். பியட்றிஸம்மா எழும்பவில்லை. றலியா வந்து மேலால் எட்டிப் பார்த்து, "புள்ள, போயிட்டானுகள். கல்லக் கீழ வை," என்றார். விரல்கள் விரியவில்லை. ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் கல்லை எடுக்க வேண்டியிருந்தது.

விழா கண்டியில் நடக்கவில்லை. செவ்வாய்க்கிழமை ஹமீது நானா கதவைத் தூக்கிக்கொண்டு வந்தார். நெஞ்சு உயரச் சுவரைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார்.

"ஒடைச்சிட்டுப் போடவா புள்ள? இல்ல, கல்லுக் கொண்டு வந்து மிச்சத்தையும் கட்டவா? ரெண்டுல ஒண்டச் செல்லு."

பியட்றிஸம்மாவுக்கு இரண்டும் முடியவில்லை. மூடினால் மதிலுக்கு மேலால்தான் கடைசிப் பயணம். திறந்தால் இருப்பதற்கே மனசு இடம் கொடுக்கவில்லை. அரை மணித்தியாலம் அவரும் ஹமீது நானாவும் அந்தச் சுவரின் இரண்டு பக்கமும் நின்றார்கள். கடைசியில் அவர் சுவரின் மேல் கையை வைத்து, "இது இருக்கட்டும் நானா. இதுக்கு மேல என்ன செய்யலாம்னு பாருங்க," என்றார்.

ஹமீது நானா பூவரசம் பலகைக் கதவைக் குறுக்காக அறுத்தார். மேல்பாதியை நிலையில் பூட்டினார். கீழ்ப்பாதிக்கு நாலு கால் அடித்துத் துணி வெட்டுகிற மேசையாக்கிக் கொடுத்தார்.

இது இரண்டாயிரத்து ஓராம் ஆண்டு. பீலிச் சந்தில் ஞாயிறு பின்னேரச் சந்தை கூடுகிறது, ஊர் நிலவரத்தைப் பார்த்துச் சில கிழமை கூடாமலும் போகிறது. பீலியில் தண்ணீர் வருகிறது. இருக்கை ஒரு பக்கம் குதறியபடியே இருக்கிறது. சனங்கள் மற்றப் பக்கத்தில் இருக்கிறார்கள். பலகையில் இன்னும் ஒன்றும் எழுதவில்லை. நான் வேறு கந்தோருக்கு மாறிவிட்டேன். சட்டை தைக்கக் கொடுப்பதென்றால் இப்போதும் அங்கேதான் கொடுக்கிறேன்.

போன மாதம் அளவு கொடுக்கப் போனபோது, சுவருக்கு மேலால் நாடாவை நீட்டித் தோளை அளந்துகொண்டே சொன்னார்: "நெஞ்சு உசரந்தானே தம்பி. நாலு பேரு கொஞ்சம் தூக்கிக் குடுத்தா, பொட்டி இதுக்கு மேலால போயிரும். நான் அளந்து பாத்துட்டேன்."

பியட்றிஸம்மாவுக்கு அறுபத்து மூன்று வயது. பதினோராம் இலக்கத்திலேயே இருக்கிறார். காலையில் மேல்கதவைத் திறந்து வைத்து, வெளிச்சத்தில் தைத்து, சுவருக்கு மேலால் வியாபாரம் செய்கிறார். வெளியே போக வேண்டியிருந்தால் குசினிக் கதவைப் பூட்டிக்கொண்டு பின்னொழுங்கையால் போய் வருகிறார்.